துப்பாக்கிக்கு ஒரு குழாய்... இணையத்தில் வாங்கலாமா?

சிராங்கூன் சாலையில் தோசைக்குக் காத்திருக்கிறீர்கள். கைத்தொலைபேசியில் ஒரு வெளிநாட்டுக் காணொளி. ஒருவர் தம் ஷாட்கன்னில் நீளமான மேகசின் குழாயைப் பொருத்துகிறார்.

"அட, வெறும் குழாய்தானே! ஆன்லைன்ல வாங்கிப் பார்க்கலாமா?"

வேண்டாங்க.

ஷாட்கன்னின் சுடுகுழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைத்திருப்பது மேகசின் குழாய். அதை நீட்டினால் கூடுதல் தோட்டாக்கள் அடங்கும்.

சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம், முழுத் துப்பாக்கியை மட்டும் ஆயுதம் என்று சொல்லவில்லை. அதன் பாகங்களும் ஆயுதம்தான். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படிகள். "இது பாகமே இல்ல, சும்மா உபரி"ன்னு நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்கும் துணிச்சல் எனக்கில்லை. உங்களுக்கு?

சுட ஆசையா? உரிமம் பெற்ற மன்றத்தில் சேரலாம். அங்கேயும் இந்தக் குழாய்க்கு வேலையில்லை. ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் ஒரே நேரத்தில் 2 தோட்டாக்களுக்கு மேல் நிரப்ப முடியாது.

இன்னொன்று. ஜெல் குண்டு சுடும் துப்பாக்கியையும் காவல்துறை உரிமம் இல்லாமல் தருவிக்கக்கூடாது. 'பொம்மை'ன்னு விற்பவர் எழுதியிருந்தாலும் சரி.