ஊமையான கட்டைகள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஜூனோ-106 சிந்தசைசருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 61 கட்டைகள் கொண்டது. ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கும். இன்றும் தேடி வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, சில கட்டைகள் பேசவில்லை என்பது. சொன்ன கையோடு ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பதற்றம் தரும் காட்சி. ஒலி எந்த ஒழுங்கில் விடுபடுகிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பழுதின் இடத்தைப் பெரும்பாலும் அந்த ஒழுங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கருவியை ‘பாலி 1’ நிலையில் வைத்து, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். ஐந்து முறை ஒலித்து ஆறாவது முறை மட்டும் அடங்கினால், கட்டை மேல் குற்றமில்லை. புதிதாக அழுத்தும் ஒவ்வொரு சுரத்தையும் ஆறு ஒலிப்பாதைகளுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பது இந்தக் கருவியின் வழக்கம். அவற்றில் ஒன்று செத்திருக்கிறது. 80017ஏ என்ற சிப்தான் இதில் பேர்போன குற்றவாளி. அதைப் போர்த்தியிருக்கும் பிசின் பூச்சு வயதாக ஆக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை அகற்றியதும் உயிர்பெற்ற சிப்புகள் பல.

எட்டு எட்டாகக் கட்டைகள் ஊமையானால் கதை வேறு. 61 கட்டைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. எட்டுத் தெரு, எட்டுக் குறுக்குத் தெரு போல 16 கம்பிகள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சந்திப்பு. கருவிக்குள் இருக்கும் புராசஸர் ஒவ்வொரு தெருவாகச் சுற்றிவந்து, எது அழுந்தியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு கம்பி அறுந்தால் அந்தத் தெருவே இருண்டுவிடும். கேபிளையும் அதன் இணைப்பையும் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு கட்டை, எப்போதும் அதே கட்டை, ஓங்கி அழுத்தினால் மட்டும் ஒலிக்கிறதா? இப்போது திறக்கலாம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான். கட்டைக்கு அடியில் சிறு ரப்பர் குமிழ், அதன் உட்புறத்தில் கார்பன் பொட்டு. கட்டை இறங்கும்போது அந்தப் பொட்டு சர்க்யூட் போர்டில் ஒன்றையொன்று தொடாத இரண்டு தடங்களை இணைக்கிறது. இடையில் தூசியோ எண்ணெய்ப் படலமோ சேர்ந்தால் மின்தடை கூடும். அழுத்தியது புராசஸருக்குத் தெரியாமலே போகும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 போன்ற கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டைக்கு இரண்டு தொடுமுனைகள். இரண்டுக்கும் இடையே கழியும் நேரத்தை வைத்துத்தான் விரலின் வேகம் கணக்கிடப்படுகிறது. அழுக்கு சேர்ந்தால் மெல்லத் தொட்டதும் அடித்ததும் தாறுமாறாகக் கேட்கும்.

போர்டில் உள்ள தடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ரப்பரை மெல்ல ஒற்றியெடுத்தால் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் படலம் மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும். துடைத்தும் பேசவில்லையென்றால் அந்தக் கட்டைக்குரிய டயோடை மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஒரு திசையில் மட்டும் மின்சாரம் போக வேண்டும். கார்பனே தேய்ந்திருந்தால் கிராஃபைட் கலந்த பூச்சைத் தடவலாம். அது சில காலம்தான் தாங்கும். புதிய ரப்பர் பட்டை போடுவதே நல்லது. ஜூனோ-106-க்கு அது இன்றும் கிடைக்கிறது.