சாம்பல் தின்ற மல்லிகையும் ஒரு டின் உரமும்



ஒரு டின் உரத்துக்காக வேலையையே பறிகொடுக்க இருந்தார் நம் தோழர் ஒருவர். 2014-இல் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது. அவர் வீட்டுச் செடிக்கு அந்த உரம் தேவையே இல்லை என்பதுதான் வேதனை.

அவர் மனைவி லயத்து வாசலில் பத்துப் பெயிண்ட் வாளிகளில் மல்லிகை வளர்த்தார். வாரம் இரண்டு நாள் கோயிலுக்குச் சரம் கட்டிக் கொடுப்பார். பிள்ளைகளின் பஸ் காசு அதில்தான். கடை உரம் எதுவும் போடுவதில்லை. மாட்டுச் சாணமும், வெந்நீர் அடுப்புச் சாம்பலும்தான். இரண்டு வருடம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. அப்புறம் இலை வெளுத்தது, மொட்டு குறைந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சுற்றிப் போட்டார். இன்னும் நிறையச் சாம்பலையும் போட்டார்.

கணவர் உரம் போடும் கேங்கில் இருந்தவர். செம்பனை மட்டை மஞ்சளடித்தால் கீசரைட் போடுவதைப் பார்த்தவர். ஒரு பால் டின்னில் அள்ளி வந்தார். வழியில் பிடித்துக்கொண்டார்கள். விசாரணை வைத்தார்கள். நான் அவர் பக்கம் நின்று பேசினேன். பதினெட்டு வருடம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத சர்வீஸ் என்று எடுத்துச் சொன்னோம். எச்சரிக்கைக் கடிதமும் மூன்று நாள் சம்பள இழப்புமாக முடிந்தது. வேலை தப்பியது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "பாருங்க தம்பி, இந்த மஞ்சளுக்குத்தான் இவ்ளோ பாடு!" என்றார் அந்த அம்மா. பார்த்தேன். அடி இலைகள் பச்சையாக இருந்தன. நுனிக் கொழுந்துதான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சை. "அக்கா, இது கீசரைட் கேக்கிற மஞ்சள் இல்லே" என்றேன்.

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சளாகும். கீசரைட் அதற்குத்தான். தழைச்சத்து குறைந்தாலும் அடி இலைதான் முதலில் போகும், ஆனால் முழுசாக வெளுக்கும். சாம்பல் சத்து குறைந்தால் அடி இலையின் ஓரம் கருகும். இரும்புச் சத்து அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்துதான் அடிபடும்.

மண்ணில் இரும்பு இல்லாமலா போனது? இருந்தது. பூட்டிக் கிடந்தது. மண்ணின் புளிப்பை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். நம் நாட்டு மழை சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போவதால் தோட்டத்து மண் பெரும்பாலும் 4, 5 தான். ரப்பரும் செம்பனையும் அதைத் தாங்கும். மல்லிகைக்கு 6-லிருந்து 7 வரை நல்லது. ஆகவே முதலில் போட்ட சாம்பல் புளிப்பைக் குறைத்து நன்மை செய்தது. வாளியில் சேரச் சேர மண் காரமாகி, இரும்பு வேருக்குக் கிடைக்காமல் போனது.

சோதிக்க ஒரு வழி உண்டு. காய்ந்த மண் ஒரு கைப்பிடியில் கடையில் விற்கும் வினிகரை ஊற்றுங்கள். பொசபொசவென்று நுரைத்தால் சாம்பலோ சுண்ணாம்போ மிதமிஞ்சி இருக்கிறது. அந்த வாளி மண் நுரைத்தது.

மருந்து எளிது. சாம்பலை நிறுத்தினோம். பாதி மண்ணைக் கொட்டிவிட்டுத் தோட்டத்து மண்ணும் நன்றாக மக்கிய சாணமும் தழையும் கலந்து நிரப்பினோம். மூன்று மாதத்தில் பச்சைக் கொழுந்து வந்தது. தரையில் நட்ட செடியானால் கொஞ்சம் கந்தகத் தூள் போடலாம், மெதுவாகத்தான் வேலை செய்யும். சிமெண்டுக் கால்வாய் ஓரத்து இட்லிப் பூச்செடி மஞ்சளடிப்பதும் இதே கதைதான். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணில் இறங்குகிறது.

அதற்காகச் சாம்பலே கூடாது என்று எண்ண வேண்டாம். புதிதாக வெட்டிய செம்மண்ணில் புளிப்பு அதிகமானால் மணிச்சத்து பூட்டிக்கொள்ளும், வேரும் பூவும் சிறுக்கும். அங்கே ஜி.எம்.எல். சுண்ணாம்புத் தூளோ, கொஞ்சம் சாம்பலோ உதவும். வருடத்துக்கு ஒன்றிரண்டு கைப்பிடி போதும், தினம் வேண்டாம்.

கடைசியாக, சங்கத்துக்காரனாக ஒரு வார்த்தை. ஸ்டோர் உரத்தில் ஒரு பிடிகூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 1955 வேலைச் சட்டப்படி விசாரணை வைக்காமல் உங்களைத் தண்டிக்க முடியாது. விசாரணைக்காகத் தள்ளி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, அரைச் சம்பளமாவது தர வேண்டும். கடிதம் கையில் கிடைத்த அன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் இலைக்கு முதலில் வினிகர் வாங்குங்கள்.