பிரமிடுக்குள் நுழைந்தால் இங்கிலாந்து

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள பிடல்ஃப் கிரேஞ்ச் தோட்டத்தில் ஓர் எகிப்தியப் பிரமிடு நிற்கிறது. கல்லில் எழுப்பியதல்ல, யூ மரங்களைக் கத்தரித்துச் செதுக்கியது. ஸ்பிங்க்ஸ் சிலைகளைத் தாண்டி உள்ளே நுழைபவர், இருட்டான பாதையைக் கடந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்து வீட்டின் வழியே வெளியே வருகிறார்.

1840-களில் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஆர்க்கிட் பித்தரான ஜேம்ஸ் பேட்மேன். மனைவி மரியாவும் ஓவியர் எட்வர்ட் குக்கும் துணைநின்றார்கள். முந்தைய நூற்றாண்டில் பரந்த புல்வெளியும் ஏரியுமே ஆங்கிலத் தோட்டத்தின் அழகாக இருந்தன. விக்டோரியா காலத்தவர்களோ அயல்நாட்டுச் செடிகளை விரும்பினார்கள். அதற்கு வழி திறந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி.

கடற்பயணத்தில் உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் செடிகளைக் கொன்றுவந்தன. மூடிய கண்ணாடிக்குள் இலைகள் விடும் ஈரம் சுவரில் படிந்து மண்ணுக்கே திரும்புவதை லண்டன் மருத்துவர் நதானியல் வார்டு கவனித்தார். அப்படியொரு பெட்டியில் வைத்தால் செடி தண்ணீர் ஊற்றாமலே மாதக்கணக்கில் பிழைக்கும். செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் போன்றோர் சீனாவிலிருந்து செடிகளைக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

வந்து குவிந்த செடிகளை எப்படி வைப்பது? பேட்மேன் தோட்டத்தைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார். பாறைக் குன்றுகளும் யூ வேலிகளும் சுரங்க வழிகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றை மறைக்கின்றன. சீனப் பகுதியில் குளம், பாலம், கோயில். இமயப் பள்ளத்தாக்கில் ரோடோடெண்ட்ரான்கள். டேலியாவுக்கென்றே ஒரு நடைபாதை. பாறைகள் காட்சியைப் பிரிப்பதோடு, குளிர்காற்றைத் தடுத்து மென்மையான செடிகளையும் காக்கின்றன.

1862-இல் பேட்மேன் இங்கே ஒரு நிலவியல் கூடம் திறந்தார். பாறைகளையும் புதைபடிவங்களையும் விவிலியம் சொல்லும் படைப்பு நாள்களின் வரிசையில் அடுக்கினார். அதே ஆண்டில் அவர் டார்வினுக்கு அனுப்பிய மடகாஸ்கர் ஆர்க்கிட்டின் தேன்குழல் ஏறத்தாழ ஓரடி நீளம். அவ்வளவு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி இருந்தே தீரும் என்றார் டார்வின். 1903-இல் அது அறிவியலுக்கு அறிமுகமானது.

பின்னாளில் பேட்மேனின் வீடு மருத்துவமனையானது. டேலியா நடைபாதை மண்ணுக்குள் மறைந்தது. 1988-இல் பொறுப்பேற்ற நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தோண்டி மீட்டது. அந்த உழைப்பு வீண்போகவில்லை. அன்றைய மனிதர்கள் உலகைப் பற்றி எதை அறிந்திருந்தார்கள், எதை நம்ப விரும்பினார்கள் என்ற இரண்டையும் இத்தோட்டத்தில் இன்றும் நடந்தே பார்க்கலாம்.