வலி காக்கும் பாதம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகள் உலகத்தின் கால்களுக்குத் தைக்கின்றன. அதே வட்டாரத்தில், வேலூர் சி.எம்.சி.யிலும் காட்பாடியை அடுத்த கரிகிரி தொழுநோய் மையத்திலும், தன் பாதத்தையே உணராதவர்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு செய்தார்கள். அது ஏன் தேவைப்பட்டது என்பது யோகா செய்கிறவர்கள் அவசியம் அறியவேண்டிய செய்தி.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. வலி அறியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கும், கால் ஆணியோடு நடக்கும். விரல்கள் குறுகிப்போவது பெரும்பாலும் இந்தக் காயங்களாலும் புண்களாலும்தான்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சிறு அழுத்தமே பாதத்தைப் புண்ணாக்கப் போதும். நெடுந்தூரம் நடக்கும்போது நாம் நம்மை அறியாமலே பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். 'வலிக்கிறது' என்று நாம் சொல்வதற்கு முன்பே உடல் நடையைத் திருத்திவிடுகிறது. உணர்விழந்த கால், முதல் அடியை வைத்தது போலவே கடைசி அடியையும் வைக்கும்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கை வலி ஒன்றை உருவாக்கவும் முயன்றார்கள். அழுத்தம் எல்லை மீறினால் கருவி ஒலி எழுப்பும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளோ கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். கடைசியில் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. நாமே அணைத்துவிடக் கூடிய வலி நம்மைக் காப்பதில்லை.

'மூச்சை விட்டுத் தாங்குங்கள்' என்று யோகா வகுப்பில் சொல்லக் கேட்டால் எனக்கு அந்தக் கருவிதான் நினைவுக்கு வருகிறது. தாங்கும் திறன் பயிற்சியால் வளர்வது உண்மை. நெடுங்காலம் யோகா செய்தவர்கள், செய்யாதவர்களைப் போல இரு மடங்குக்கும் மேலான நேரம் குளிர்வலியைத் தாங்கியதை 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மற்றவர்கள் மனத்தை வேறு பக்கம் திருப்பப் பார்க்க, இவர்கள் அந்த உணர்வையே கவனித்தார்கள். 2011-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நான்கே நாள் தியானப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சூட்டு வலியின் கடுமை 40 சதவீதம் குறைந்தது, அதனால் வரும் தவிப்பு 57 சதவீதம் குறைந்தது. தவிப்பு அடங்கினால் வலி சொல்வது தெளிவாகக் கேட்கும். ஆனால் அதே திறனை வைத்து வலியின் வாயை அடைக்கவும் முடியும். ஆபத்து அங்கேதான்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. நெடுநேரம் வஜ்ராசனத்தில் அமர்ந்து இந்த நரம்பு நசுங்கி, பாதம் தொங்கிப்போனதை 1971-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்தது. தொழுநோய் தாக்கிப் பாதத்தைத் தொங்கவைப்பதும் பெரும்பாலும் இதே நரம்பைத்தான்.

நாளெல்லாம் மிஷின் முன் குனிந்து தைத்துவிட்டு மாலையில் ஆசனம் செய்கிறவருக்குத் தோளும் முதுகும் இழுக்கத்தான் செய்யும். தசையில் பரவலாக இழுபட்டு, ஆசனத்தை விட்டதும் அடங்கினால் பொதுவாகப் பயமில்லை. மூட்டுக்குள் குத்தினால், எரிந்தால், மின்சாரம் போலப் பாய்ந்தால், மரத்துப்போனால், உடனே ஆசனத்தைக் கலைத்துவிட வேண்டும். பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணத்தில் உறுதியோடு சுகமும் சேர்ந்தே இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளின் பாதமும் மெல்ல மெல்ல உணர்விழக்கக்கூடும். அவர்கள் தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் யாராயினும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும்.