மண்ணும் அளவுகோலும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே உலையிற் கொதித்த அரிசிக்கு இது பொருந்தும். ஒரு கண்டத்தின் மண்ணுக்குப் பொருந்துமோ? ஒரு பிடி மண்ணைக் கொண்டு பரந்த நிலப்பரப்பின் இரசாயன இயல்பை உரைக்க வேண்டுமாயின், அதனை எடுக்கும் முறையும் ஆராயும் முறையும் எங்கணும் ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது.

இதன் காரணத்தை நோக்குவாம். மண்ணிலுள்ள உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய துணிக்கைகளிலே செறிந்திருக்கும். ஆகவே, அரிதட்டின் கண் மாறினால் விடையும் மாறும். குரோமியத்தை இராசநீர் என்னும் அமிலக் கலவையிற் கரைத்து அளந்தால் அதன் ஒரு பகுதியே புலப்படும். எக்ஸ் கதிர் முறையால் அளந்தால் முழுமையும் புலப்படும். ஒரு நாடு முன்னதையும் அயல்நாடு பின்னதையும் கையாண்டால், வரையப்படும் படத்தில் இயற்கையின் எல்லை மறைந்து அரசியல் எல்லையே தோன்றும். அப்படத்தை நம்பி நல்ல நிலத்தை நஞ்சுடையதென்றும், நஞ்சுடையதை நல்லதென்றும் கூறின், துன்புறுபவன் உழவனே.

இவ்விடரை நீக்க முற்பட்டனர் ஐரோப்பியப் புவிச்சரிதவியலார். அவர்களது ‘கெமாஸ்’ திட்டத்தில் 30இற்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில், 2,500 சதுரக் கிலோமீற்றருக்கு ஓரிடமாக, உழுநிலத்தில் 20 சென்ரிமீற்றர் ஆழம் வரையும் மேய்ச்சல் நிலத்தில் 10 சென்ரிமீற்றர் வரையும் மண் எடுக்கப்பட்டது. ஓரிடத்தில் ஐந்து குழிகளின் மண்ணைக் கலந்தே ஒரு மாதிரி அமைத்தனர். மாதிரிகள் யாவும் சிலோவாக்கியாவிலுள்ள ஓர் ஆய்வுகூடத்திலேயே உலர்த்தப்பட்டு, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதனையும் ஒரே ஆய்வுகூடத்தில் நடைபெற்றது. இயல்பு முன்னரே அறியப்பட்ட மண்ணையும் இடையிடையே சேர்த்து, ஆய்வுகூடத்தின் செம்மையையும் சோதித்தனர்.

பயன் யாது? 2014இல் இத்திட்டத்தின் தேசப்படத் தொகுதி வெளிவந்தது. ஆசனிக்கு என்னும் நச்சு மூலகம் தென் ஐரோப்பிய மண்ணில் வட ஐரோப்பிய மண்ணிலும் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதியெனக் கண்டனர். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு, கடைசிப் பனிக்கட்டிக் காலத்திற் பனிப்படலம் பரவிநின்ற தென் எல்லையோடு ஒத்திருந்தது. ஜேர்மனியையும் போலந்தையும் ஊடறுத்துச் செல்லும் அவ்வெல்லை, எந்நாட்டு அரசும் வகுத்ததன்று. முறை ஒன்றானமையாலேயே மண் தன் பழங்கதையைத் தானே உரைத்தது.

மாணவர்காள்! பரிசோதனையின் முடிவை எழுதுமுன் செய்முறையை எழுதுக என ஆசிரியர் வற்புறுத்துவது வெறுஞ் சடங்கன்று. செய்முறை அறியாத எண்ணை வேறோர் எண்ணோடு ஒப்பிடல் இயலாது. ஒப்பிட இயலாத எண்ணால் உழவனுக்கும் பயனில்லை, அறிஞனுக்கும் பயனில்லை.