கவாத்து செய்தால் மல்லிகை ஏன் அதிகம் பூக்கிறது?

தழைத்த மல்லிகையை வெட்ட மனம் வராது. ஆனால், வெட்டினால்தான் பூ பெருகும். ஏன்?

கிளை நுனியிலுள்ள குருத்து ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தண்டு வழியே இறங்கி, கணுக்களிலுள்ள பக்கக் குருத்துகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்குகிறது; பக்கக் குருத்துகள் துளிர்த்து, ஒரு கிளை பல கிளைகளாகிறது. மல்லிகை புதுத் தளிர்களில்தான் அரும்பு கட்டும். ஆகவே தளிர் கூடினால் பூவும் கூடும்.

எப்படி?

நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு, கூரான கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த, நோயுற்ற கிளைகளை அடியோடு நீக்குங்கள். பிறகு தொழு உரமிட்டு நீர் பாய்ச்சுங்கள். நல்ல வெயில் அவசியம். நிழலில் இலைதான் மிஞ்சும். பொறுமையாகக் கவனித்தால், கோடையில் செடி நிறையப் பூக்கும்.