பஸ்ஸுக்கு ஒரு தண்டவாளம்

டில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றுக்குப் பஸ்ஸே வாகனம். காரியாலயத்திற்கும் கல்லூரிக்கும் கோயிலுக்கும் அதை நம்பியே புறப்படுகிறோம். ஆகவே, சாலையில் பஸ்ஸுக்கெனக் கோடிட்டு ஒதுக்கப்படும் தனித்தடத்தைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம்.

ரயில்வே ஊழியராகிய நாம் இதனை நம் தொழிலைக் கொண்டே விளக்க முற்படுகிறோம். ரயில் தன் பாதையை விட்டு விலக இயலாது. பிறர் அப்பாதையில் அத்துமீறி நுழைவதும் குற்றம். பஸ்ஸுக்கோ இரும்புப் பாதை இல்லை. வண்ணக் கோடே அதற்குத் தண்டவாளம்.

சாலைக் குறிகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. விட்டு விட்டு வரும் கோட்டைப் பிறர்க்கு இடையூறின்றிக் கடக்கலாம், தொடர்கோட்டைக் கடத்தலாகாது. பலகைகளில், செவ்வளையம் சூழ்ந்த வட்டம் 'கூடாது' என விலக்கும், நீல வட்டம் 'இவ்வாறே செல்க' என விதிக்கும், முக்கோணம் எச்சரிக்கும், நீலச் செவ்வகம் செய்தி அறிவிக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்து, இந்தி எழுத்தறியாத நம் தாய்மாரும் இவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

இத்தலைநகரில் 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரம் சாலையின் நடுவே பஸ் தடம் அமைத்தனர். பஸ் ஏறுவோர் நடுச்சாலைக்குக் கடந்து செல்ல நேர்ந்தது. மோட்டார் வைத்திருப்போரோ தமக்குரிய இடம் குறுகிற்றென்று குறைகூறினர். உயர் நீதிமன்றம் 2012இல் அத்தடத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. எனினும், 2016இல் அது அகற்றப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரல் 1 முதல், முதற்கட்டமாக 15 சாலைகளில், காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை இடப்புறத் தடம் பஸ்களுக்கும் சரக்கு வண்டிகளுக்குமே உரியதென அறிவித்தனர். தடம் மாறும் பஸ் ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்றும் எச்சரித்தனர்.

ஆனால், ஓட்டுநரை மட்டும் தண்டித்தாற் போதுமா? தடத்தில் ஒரு கார் நின்றுவிட்டால் பஸ் நடுச்சாலையில்தான் நிற்கும். முதியோரும் கைக்குழந்தையோடு வரும் பெண்டிரும் ஓடும் ஸ்கூட்டர்களுக்கிடையே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவர். அவர்களுள் நம் வீட்டாரும் இருப்பர்.

நம்மவருள்ளும் இன்று கார் வாங்கியோர் பலர். விழா நாட்களிற் கோயில் வாசலுக்கருகே, "ஐந்து நிமிஷந்தானே" என்று பஸ் நிற்குமிடத்தில் வண்டியை நிறுத்துவோரும் உளர். தண்டவாளத்தின் மீது ஐந்து நிமிஷம் காரை நிறுத்த எவரேனும் துணிவரோ? அந்த அச்சம் இரும்பினால் வருவது. கோட்டிற்கு நாம் காட்டும் மதிப்போ, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மனிதரிடம் நாம் வைத்துள்ள அன்பினால் வரவேண்டுவது.